கன்றுத்தோலில் அட்டை போட்ட புத்தகம்

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டைக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து முதல் பக்கத்தை மூன்று தரம் படித்தேன். ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ரயில்வே வேலையாட்களுக்கென்று வாசகசாலை திறந்திருக்கிறார்கள், அதற்கு உன்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள், சாவி உன் கையில் இருக்கிறது என்று நீ எழுதியிருந்ததை என்னோடு வேலை செய்கிற பெண்களுக்கும் வாசித்துக் காட்டினேன். பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்? பக்கத்தில் இருந்த எல்லம்மா, "இன்னாக்கா, மூஞ்சே மாறிப் போச்சி, புள்ள கலெக்டராய்ட்டானா?" என்று கேலி செய்தாள். கலெக்டருக்கும் ஒரு படி மேலே என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். அப்புறம்தான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்தப் பக்கத்தில் நீ கேட்டிருக்கிற கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். இன்ஜினுக்குக் கரி அள்ளுகிறவர்களும் ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும் வாசகசாலைக்கு வருகிறார்கள், அவர்கள் கை பட்டுப் பத்திரிகை அழுக்காகிறது என்று மற்றவர்கள் குறை சொல்கிறார்கள், அதனால் அவர்களுக்கு மட்டும் தாழ்வாரத்தில் தனி பெஞ்சு போட்டு முந்தின நாள் பத்திரிகையைக் கொடுத்துவிடச் சொல்கிறது கமிட்டி என்று எழுதியிருக்கிறாய். 'சுத்தத்துக்காகத்தானே அம்மா, இதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டிருக்கிறாய். வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கமிட்டியைப் பகைத்துக்கொண்டால் சாவி கையை விட்டுப் போய்விடுமே என்ற பயமும் எழுத்தில் தெரிகிறது. உன்னைத் திட்டுவதற்காகத்தான் அன்றைக்கே பேனாவை எடுத்தேன். இரண்டு வரி எழுதினதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. உன்னைத் திட்டுகிற அளவுக்கு நான் ஒன்றும் யோக்கியமாக நடந்துகொண்டவள் இல்லை. நம் ஆம்பூர் வாசகசாலையில் நடந்த ஒரு காரியத்தில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. அதை முதலில் கேள்.

அந்த வாசகசாலையில்தான் நீ வளர்ந்தாய் என்றே சொல்லலாம். ஆனால் அதன் ஆரம்பம் உனக்கு நினைவிருக்காது. அது முன்பு உப்புப் போட்ட பச்சைத் தோலை அடுக்கி வைக்கிற கிடங்கு. தோல் வியாபாரம் செய்த சாயபு ஒருவர், ஊரில் நாலு பேர் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்று அதைக் காலி செய்து கொடுத்தார். ஒரு நீள மேஜை, இரண்டு பெஞ்சு, ஓர் அலமாரி, வாசலில் 'எல்லோரும் வரலாம்' என்று எழுதின பலகை, அவ்வளவுதான். தோலை எடுத்தார்களே தவிர சுவரில் ஊறின உப்பை யாராலும் எடுக்க முடியவில்லை. மழைக்காலம் வந்தால் சுவர் வேர்த்துக் கொட்டும். எல்லோரும் வரலாம் என்று பலகை சொன்னாலும் யார் யாரெல்லாம் அந்த எல்லோரில் சேர்த்தி என்பது யாருக்கும் நிச்சயமில்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிற உன் அப்பா மாதிரி ஆட்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். உள்ளே வந்தாலும் பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்காருவார்கள். எனக்கு அங்கே பெருக்குகிற வேலை கிடைத்தது. பகலெல்லாம் அதே ஷாப்பில் தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டை இடிப்பேன். சாயங்காலம் கூட்டம் சேருவதற்குள் போய்க் கிடங்கைப் பெருக்கிவிட்டு வருவேன்.

பொறுப்பாளர் நாயுடு ஐயாவை நீ மறந்திருக்க மாட்டாய். ரயில்வே பார்சல் ஆபீசை விட்டு வந்தவர், என்னைவிட இருபது வயது பெரியவர், மூக்கின் நுனியில் கோபம். தோல் ஊரில் வந்து வாழ்கிற மனுஷனுக்குத் தோல் வாடை ஆகாது. கர்ப்பூரம் முடிந்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டார். தும்மித் தும்மியே என்னை வேலை வாங்குவார். காதர் பாயும் உனக்குத் தெரியும். ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிறவர், கணீரென்ற குரல். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் தினமும் விளக்கு ஏற்றும் நேரத்தில் அவர்தான் பத்திரிகையை உரக்க வாசிப்பார். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். நடுவில் எதையும் தாண்டக் கூடாது. மசூதி விசேஷமோ கோயில் தேரோ மாதா திருநாளோ, யாருடைய செய்தியானாலும் முழுசாகப் படித்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார். நான் துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படிக்கு வெளியே உட்கார்ந்து கேட்பேன்.

நான் படிக்கக் கற்றது இப்படித்தான். முதல் நாள் கேட்ட பத்திரிகை மறுநாள் நான் பெருக்கப் போகும்போது மேஜையில் கிடக்கும். செய்தி என்ன என்று எனக்கு முன்னமே தெரியும், அது எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. தென் ஜில்லாக்களில் நல்ல மழை என்று காதர் பாய் வாசித்த மறுநாள், பெரிய எழுத்தில் இருந்த தலைப்புகளில் எது மழை என்று விரலை வைத்துத் தேடினேன். நாலைந்து நாள் தேடின பிறகு மழை பிடிபட்டது. அந்தச் சந்தோஷத்தில் பின்னால் நாயுடு ஐயா நிற்பதைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்ததும் உயிரே போய்விட்டது. அவர் கைக்குட்டையை எடுத்து, "வெரல எடுத்துட்டுப் படி, பேப்பர் கிழிஞ்சிரும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் போனபோது, நான் உட்காருகிற உயரத்துக்கு ஒரு முக்காலி, அதன் மேல் பழைய பத்திரிகை விரித்து வைத்திருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முப்பது வயதில் ஒருத்திக்கு எழுத்து வந்தது அந்த முக்காலியால்தான் கண்ணு. இன்றைக்கு உனக்கு நான் கடிதம் எழுதுகிறேன் என்றால், அதற்கு நான் முதலில் கும்பிட வேண்டியது அந்தத் தும்மல்கார மனுஷனைத்தான்.

இரண்டு வருஷத்தில் அலமாரியில் இருந்த புத்தகங்களில் பாதியைப் படித்துவிட்டேன். நாம் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள். ஆனாலும் அலமாரியில் இருந்த புராணக் கதைப் புத்தகத்தை மூன்று தரம் படித்தேன். புருஷனோடு காட்டுக்குப் போன பெண் படுகிற பாட்டைப் படித்து, அடுப்பில் வைத்த கூழ் அடிபிடிக்க அழுதிருக்கிறேன். முஸ்லிம்களின் நபிமார் கதைகள் என்று ஒரு புத்தகம் இருந்தது. அதில் பாலைவனத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடுகிற தாய் ஒருத்தி வருகிறாள். படித்துக்கொண்டே வந்தவள் திடுக்கிட்டுப் போனேன். நம் கோயிலில் பாதிரியார் சொன்ன அதே தாய்தான் அவள். காதர் பாயிடம் ஓடிப் போய், "பாய், உங்க புஸ்தகத்துல எங்க ஆளு ஒருத்தி கீறா" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஆளு உங்க புஸ்தகத்துல கீறான்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கினுகீறேன் தங்கச்சி" என்றார்.

அந்த வருஷம் மழை ஜாஸ்தி. சுவர் உப்பு வேர்த்து அலமாரிக்குள்ளும் ஈரம் இறங்கிவிட்டது. புத்தகங்களின் அட்டை உப்பிப் பிரிந்து கையோடு வந்தது. நாயுடு ஐயா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. என் அப்பா செருப்புத் தைத்தவர், குத்தூசியும் மெழுகு நூலும் என் கைக்குப் பழக்கம். "ஐயா, என்னாண்ட குடுங்க, நான் அட்டை போட்டுத் தர்றேன்" என்றேன். துணி ஒட்டித் தருவேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். எந்தச் சாமானால் போடுவேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு வேறு எது தோன்றும், சொல்? நம் ஊரில் நல்லது என்றால் தோல்தான். நனைந்தாலும் கெடாது, இழுத்தாலும் கிழியாது. பட்டுத் துணியை விடத் தோல் மேல்தான் எனக்கு மரியாதை. ஷாப்பில் வெட்டி ஒதுக்கின ஆட்டுத்தோல் துண்டுகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்து ஒவ்வொன்றாகத் தைத்தேன். இருபது புத்தகங்களுக்குமேல் முடித்தேன். அந்த வாசகசாலை எனக்குக் கொடுத்ததற்குத் திருப்பி நான் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்து, ஒவ்வொரு தையலையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

மேஸ்திரி கொடுத்த துண்டுகளில் ஒன்று மட்டும் தனியாக இருந்தது. கைக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கும். கன்றுத்தோல் அது. பார்த்ததும் தெரிந்தது. அதை எந்தப் புத்தகத்துக்குப் போடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த புத்தகத்துக்குத்தானே போட வேண்டும்? புராணப் புத்தகத்துக்குப் போட்டேன். நீ இப்போது தலையில் அடித்துக்கொள்வாய். பிற்பாடு நானும் அடித்துக்கொண்டேன். ஆனால் தோலோடு பிழைக்கிறவர்கள் தோலைப் பார்த்தால் தரத்தைத்தான் பார்ப்போம், அது எந்த உயிரினுடையது, யார் மனசுக்கு எப்படிப் படும் என்று பார்க்க எங்கள் கண் பழகவே இல்லை. அது மரியாதை என்று மனசார நம்பி நான் செய்தது.

ஒரு மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அட்டை பிரமாதம் என்று பாராட்டக்கூடச் செய்தார்கள். அரிசி மண்டி ஏகாம்பரம் ஐயா ஒரு நாள் அந்தப் புராணப் புத்தகத்தை எடுத்தார். பக்திமான். எந்த நல்ல புத்தகத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிரிப்பார். ஒற்றிக்கொண்டவர் சட்டென்று விலக்கி முகர்ந்து பார்த்தார். "இன்னாய்யா இது, தோலா? இன்னா தோலு?" என்று கேட்டார். நாயுடு ஐயாவுக்குத் தெரியாது. அங்கே இருந்த யாரோ மாட்டுத்தோலாக இருக்கும் என்றான். அவ்வளவுதான், அந்தி சாய்வதற்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் அந்த வதந்திக்கு ஒரு தங்கை பிறந்தாள். நபிமார் கதைப் புத்தகத்துக்குப் பன்றித்தோல் போட்டிருக்கிறார்கள் என்று மசூதித் தெருவில் பேச்சு. அதுவரை ஒரே மேஜையில் முழங்கை இடிக்க உட்கார்ந்தவர்கள் தெருவின் இரண்டு பக்கமும் கும்பல் கும்பலாக நின்றார்கள். கடைகளுக்குப் பலகை போட்டுவிட்டார்கள். நம் வாசகசாலைக் கமிட்டிக்காரர்கள் கதவைப் பூட்டினார்கள். தகராறு தீரும்வரை பூட்டு, தீராவிட்டால் ஒரேயடியாகப் பூட்டு என்று பேசிக்கொண்டார்கள்.

யார் அட்டை போட்டது என்று கமிட்டி நாயுடு ஐயாவைக் கேட்டது. என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம். "புஸ்தகம் என் பொறுப்பு. நான்தான் போடச் சொன்னேன். வேற யாரையும் கேக்காதீங்க" என்றார். தெருவில் போகும்போது அவரை வாய்க்கு வந்தபடி பேசினார்கள், மேலே சாணியை எறிந்தான் ஒருவன். இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா, "நாம சேரி ஜனம். நாமதான் பண்ணோம்னு தெரிஞ்சா வீட்டக் கொளுத்திருவான். ஷாப்புலயும் சேக்க மாட்டான். சும்மா கெட" என்றார். அவர் பயந்தது நியாயம்தான். அவர் மேல் பழியைப் போட இதை எழுதவில்லை. சும்மா இருந்தது நான். ஐந்து நாள் இருந்தேன். மூன்றாம் நாள் நீ சாப்பிட உட்கார்ந்தவன், "நீதானேம்மா தெச்ச, நாயுடு சாரை ஏன் திட்றாங்க?" என்று கேட்டாய். ஓங்கி அறைந்தேன். எதற்கு அடி விழுந்தது என்று தெரியாமல் நீ விழித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீ சரியான கேள்வி கேட்டதற்குத்தான் அடித்தேன். என்னை மன்னித்துவிடு ராசா. பன்னிரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன், ஆனாலும் கேட்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை, ஷாப்புக்கு விடுமுறை. தொழுகை முடிந்த பிறகு இரண்டு பக்கத்து ஆட்களையும் வாசகசாலை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். காதர் பாய் புத்தகங்களைத் தடவிப் பார்த்து எது என்ன தோல் என்று சொல்லட்டும், அவர் சொல்வதை எல்லோரும் ஏற்றுக்கொள்வது என்று ஏற்பாடு. முப்பது வருஷம் தோல் பிரித்த கை. கண்ணை மூடித் தடவினாலே ஆடா, செம்மறியா, மாடா என்று சொல்வார். இந்துக்கள்கூட அவர் வாக்கை நம்பினார்கள் என்றால் பார்த்துக்கொள். கூட்டத்தின் ஓரத்தில் நான் நின்றேன். முதலில் நபிமார் கதைப் புத்தகத்தை எடுத்தார், கட்டைவிரலால் தடவினார். "வெள்ளாடு" என்றார். மசூதித் தெரு ஆட்கள் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளாடு, வெள்ளாடு என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாகப் புராணப் புத்தகம். கட்டைவிரலை வைத்தார். வைத்த விரல் நகரவில்லை. தலையைத் தூக்கிக் கூட்டத்தைத் துழாவி என்னைப் பார்த்தார். அந்தத் தையலை யார் போட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், ஷாப்பில் என் கைத்தையலைப் பார்த்தவர்தானே.

அந்த நிமிஷம் அவர் மனசில் ஓடினது எனக்கு விளங்கியது. வெள்ளாடு என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டால் ஊர் அடங்கிவிடும், நானும் தப்பிவிடுவேன். எனக்காக, ஊருக்காக, அந்தப் பொய்யைச் சொல்ல அவர் வாயைத் திறந்துவிட்டார். ஆனால் அந்தக் கூட்டத்தில் தோல் தெரிந்த கைகள் இன்னும் ஐம்பது இருந்தன. நாளைக்கு யாராவது ஒருவன் அந்தப் புத்தகத்தைத் தடவிப் பார்ப்பான். அன்றைக்கு அந்த மனுஷனின் முப்பது வருஷத்து வாக்கு மண்ணாகிப் போகும், அதற்குப் பிறகு இந்த ஊரில் இரண்டு பக்கமும் நம்புகிற ஆள் என்று ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். ஏற்கெனவே ஒரு நல்லவரைச் சாணியடி பட வைத்தவள், இன்னொருவரையும் பொய்யராக்க எனக்கு மனசு வரவில்லை. "அது கன்னுக்குட்டித் தோலுங்க" என்று கத்தினேன். "நாயுடு ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் போட்டேன்."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. யாரோ கல்லைத் தூக்கினான். காதர் பாய் படியிலிருந்து இறங்கி வந்து எனக்கு முன்னால் நின்றார். நாயுடு ஐயா அந்தப் பக்கம் வந்து நின்றார். நின்றவர் தும்மினார், அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏகாம்பரம் ஐயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. "ஏம்மா, வேணும்னே பண்ணியா?" என்று கேட்டார். "இல்லீங்கையா. இருந்ததுலயே அதான் நல்ல தோலு. இருந்ததுலயே இதான் நல்ல புஸ்தகம். அதான் போட்டேன்" என்றேன். "நீ படிச்சியா இத?" "மூணு தபா படிச்சேங்க." நம்பாமல் பார்த்தார். காட்டில் அந்தப் பெண் தனியாக அழுகிற கட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மேலே சொல்ல முடியவில்லை. விட்ட இடத்திலிருந்து மீதியை அவர் மெதுவாகச் சொல்லி முடித்தார். அப்புறம் புத்தகத்தை வாங்கி என் கையில் வைத்தார். "பிரிச்சி எடு அத" என்றார். குத்தூசி என் இடுப்பிலேயே இருந்தது. ஊரே பார்க்க அந்தப் படியில் உட்கார்ந்து, நான் போட்ட தையலை நானே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவர் மண்டிக்கு ஆள் அனுப்பிப் புதுக் காடாத்துணி கொண்டுவரச் சொன்னார். "துணி என்னுது. தையலு நீயே போடு. கை சுத்தமா கீது உனுக்கு" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, என்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் நான் தைத்து முடிக்கும்வரை அந்த வெயிலில் பக்கத்திலேயே நின்றார். அவர் நின்றதால்தான் மற்றவர்கள் கல்லைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பூட்டைத் திறந்தார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் உனக்கு நான் எழுத வேண்டியதே இல்லை. திறந்த கையோடு கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. தோல் ஷாப் ஆட்களால்தானே இந்தப் பேஜார், இனிமேல் அவர்கள் புத்தகத்தைத் தொட வேண்டாம், அவர்கள் கையும் சுத்தமில்லை, தாழ்வாரத்தில் தனி பெஞ்சு போட்டுவிடலாம் என்று. ஆமாம் கண்ணு, அதே தாழ்வாரம், அதே பெஞ்சு, சுத்தம் என்ற அதே வார்த்தை. உன் கடிதத்தில் அதைப் படித்ததும் அன்றைக்கே நான் பேனாவை எடுத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நாயுடு ஐயா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சுத்தம்தானே வேணும், செஞ்சிர்றேன்" என்றார். மறுநாள் சாயங்காலம் வாசலில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர், ஒரு சொம்பு, தட்டில் சீயக்காய்த் தூள். பக்கத்தில் நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார். கையைக் கழுவாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். யாரும் என்றால் எல்லோரும்தான். "மொதல்ல நான் கழுவறேன். சாம்பார் சாதம் தின்ன கை" என்று ஊர் பார்க்கக் கழுவினார். கிடங்கைக் கொடுத்த சாயபு அத்தர் மணக்க வந்தார். "நானுமா நாயுடு?" என்றார். "தாங்களும்தான்" என்றார் இவர். சாயபு ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் கழுவின பிறகு வேறு யார் மாட்டேன் என்று சொல்வது? ஏகாம்பரம் ஐயா தவிட்டுக் கையைக் கழுவினார், கசாப்புக் கடைக்காரர் கழுவினார், உன் அப்பா கழுவினார். கீழே தேங்கின தண்ணீரை நான்தான் இறைத்துக் கொட்டினேன். யார் கை அழுக்கு ஜாஸ்தி என்று உற்றுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தாழ்வாரத்து பெஞ்சு வரவே இல்லை. கமிட்டிக்கு நாயுடு ஐயா மேல் கோபம்தான். வேலையை விட்டு எடுக்கலாமா என்றுகூட யோசித்தார்களாம். கழுவின கையோடு சாயபுவே உட்கார்ந்து பத்திரிகை படிக்கும்போது எந்த முகத்தோடு எடுப்பது?

அன்றைக்குப் பெஞ்சு உள்ளேயே இருந்ததால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், அதன் பலனில் வளர்ந்தவன் நீ. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண்களுக்கென்று ஆனது. பட்டை இடிக்கிற பெண்களில் ஏழு பேர் எழுத்துக் கற்றார்கள், எல்லம்மாவும் ஒருத்தி, இன்றைக்கு என்னையே கேலி செய்கிறாள். நீ ஏகாம்பரம் ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணக்குப் போட்டாய், தப்பாகப் போட்டால் அவர் குட்டுவார். பிற்பாடு ஒரு வருஷம் ஊர்வலம் போகிற வழியைப் பற்றிப் பெரிய சண்டை வரப் பார்த்தது. இரண்டு பக்கமும் முன்னால் நின்றவர்கள் காதர் பாயும் ஏகாம்பரம் ஐயாவும்தான். அதற்குள் இரண்டு பேரும் ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் படிக்கிற தோஸ்துகளாகியிருந்தார்கள். தெரு நடுவில் ஒருவரை ஒருவர் பார்த்ததும், "கண்ணாடி எங்க பாய்?" என்று இவர் கேட்க, கூட்டமே சிரித்துவிட்டதாம். வழியைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அந்த வாசகசாலை அவர்களை மகான்கள் ஆக்கிவிடவில்லை. பக்கத்தில் உட்காரப் பழக்கியது, அவ்வளவுதான், எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நாயுடு ஐயா ஊரை விட்டு மகள் வீட்டுக்குப் போகிற அன்று, ஸ்டேஷனில் அவர் காலில் விழப் போனேன். "எனக்காகப் பழி சொமந்தீங்க, நான் அஞ்சி நாளு வாய மூடிக்கினு இருந்தேன்" என்று அழுதேன். "அஞ்சி நாளு கம்மிதான். எனக்கு இந்த ஊரு வாடை பழக எட்டு வருசம் ஆச்சி" என்றார். ரயில் கிளம்பினதும் கைக்குட்டையை ஆட்டினார். அன்றைக்கு அவர் மூக்கில் அது இல்லை.

கமிட்டி சொல்வதைக் கேட்காவிட்டால் வேலை போகலாம். போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். போனால் வீட்டுக்கு வா, இருக்கிற சோற்றைப் பங்கு வைத்துச் சாப்பிடுவோம், வேறு வேலை தேடுவோம். ஆனால் கரி அள்ளுகிற ஒருவன் பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்திருந்தால், அவன் உன் அப்பா என்று நினைத்துக்கொள். வாசல்படிக்கு வெளியே துடைப்பத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகை அழுக்காகிறது என்கிறாயே, அழுக்காகட்டும். யாரும் தொடாமல் வெள்ளை வெளேரென்று இருக்கிற பத்திரிகையால் யாருக்கு என்ன லாபம்? கை கழுவத் தண்ணீர் வை. முதலில் நீ கழுவு. அப்புறம் கமிட்டித் தலைவரைக் கழுவச் சொல், மரியாதையாகவே சொல். நான் செய்த தப்பை நீயும் செய்யாதே. சும்மா இருப்பதும் ஒரு காரியம் செய்வதுதான் என்று எனக்கு ஐந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வருகிற வியாழக்கிழமை ஷாப் விட்டதும் நேராக ரயில் ஏறுகிறேன். மறுநாள் வெள்ளி, விடுமுறை. வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வர நேரம் இருக்காது, வேலை செய்த சேலையோடுதான் வருவேன், வாடையும் கூடவே வரும். உன் அறைக்கு வர மாட்டேன். முதலில் வாசகசாலைக்குத்தான் வருவேன். எனக்கு அன்றைய பத்திரிகை வேண்டும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் நின்று, எங்கே உட்காருவது என்று உன்னைக் கேட்பேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல். அம்மா என்று கூப்பிட்டுச் சொல்.